நான்கு டிகிரியில் நீலக்காச்சில்

பிப்ரவரி 11, 2025
குளிர்பெட்டியைத் திறந்தேன். விதைக்கு வைத்திருந்த நீலக்காச்சில் கிழங்கு ஆறும் போச்சு. அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. இரண்டு வருடம் அலைந்து எங்கள் விதைச் சேகரிப்பு மையத்துக்கு நான் கொண்டுவந்த ரகம். நான்கு டிகிரியில் வைத்தால் பங்குனி வரை தாங்கும் என்று கணக்குப் போட்டேன். உருளைக்கிழங்குக்கான கணக்கு. காச்சிலுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே ஆகாது என்று இன்றுதான் தேடிப் படித்தேன்.

மேலாளரிடம் மின்வெட்டு என்று சொன்னேன்.

பிப்ரவரி 13
சிதறால் கிராமத்துக்குப் போனேன். விதை தந்த ஏசுஅடிமை அண்ணனிடம் இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதையும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் அறுவடைப் பண்டிகைக்கு நேர்ந்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் ஏலம். எடுப்பவர் அவித்துத் தின்பார். வேறெங்கும் கிடையாது, எனக்குத் தாருங்கள் என்றேன்.

"ஒனக்குத்தான் ஆறு தந்தேனே மக்கா, போராதா?"

ஆறும் அழுகியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 16
ஏலத்தில் நானும் கேட்டேன். மார்த்தாண்டத்தில் பேக்கரி நடத்தும் ரெனிஷா விட்டுக்கொடுக்கவில்லை. சபை வாசலில் மறித்தேன். முளைக்கிற தலைப்பகுதி மட்டும் போதும், மீதியைத் தின்னுங்கள் என்றேன்.

"அண்ணன் ஒங்களுக்குத் தந்தத என்ன செய்தீங்க?"

"பிரிட்ஜில வச்சு கொன்னுட்டேன்."

ஏசுஅடிமை அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"காச்சில் என்ன ஐஸ்கிரீமா?" என்றாள் ரெனிஷா. அசனப்பந்திக்குக் காய் நறுக்கிய கத்தியை வாங்கித் தலையை நான்காக வெட்டினாள். மூன்று அவளுக்கு. ஒன்று எனக்கு.

பிப்ரவரி 17
மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். மெமோ. சரிதான்.

மார்ச் 3
சாம்பல் தடவி நட்டேன்.

மார்ச் 21
தோண்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மார்ச் 29
மறுபடியும் தோண்டினேன். வெள்ளையாக ஒரு புள்ளி. முளையா, பூஞ்சையா?

ஏப்ரல் 2
முளைதான். தோண்டும்போது ஒடிஞ்சு போச்சு. கொஞ்சம் சும்மா இருந்தா என்னடா உனக்கு?

ஏப்ரல் 30
முளை ஒடிந்த துண்டு மண்ணுக்குள் அழுகிவிட்டது. ரெனிஷா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் பின்பக்கம் கூட்டிப்போனாள். மூன்றும் முளைத்து மாமரத்தில் ஏறிக்கொண்டிருக்கின்றன. நீளமான கொடி ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர். இந்த முறை நான் மண்ணைத் தொடவில்லை.

மையத்தின் பதிவேட்டில் எழுதினேன்: நீலக்காச்சில் — உயிருடன் உள்ளது. எங்களிடம் இல்லை.