அவர் பூசிய அழுக்கு

மார்ச் 12, செவ்வாய்

என் வீட்டுக்காரரின் கருமாதிக்கு ஆட்கள் வருவார்களே என்று, அவர் செய்து வைத்திருந்த குட்டி ரயில் பெட்டிகளை நேற்று சவர்க்காரம் போட்டுக் கழுவி அலுமாரியில் அடுக்கினேன். அவரோடு சேர்ந்து பெட்டி செய்துவந்த, பிலிமத்தலாவை ஊர்ச் செல்வம் இன்றைக்கு வந்து பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"ஐயோ அக்கா, அது ஊத்தை இல்ல! நெசச் சாமான் ரயில் பெட்டி மாதிரி தெரியணும்னு அண்ணன் கரியும் செங்கல் தூளும் பூசினது!"

அடுப்புக் கரியைச் சுரண்டுகிறாரே என்று எத்தனை முறை அவரை ஏசியிருப்பேன். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"நீங்களே திரும்பப் பூசுங்க அக்கா. அவர் பூசுறதப் பக்கத்துல இருந்து பாத்தது நீங்கதானே."

சமைத்து முடித்துக் கரி சுரண்டினேன். ஒரு பெட்டிக்கு மட்டும் விரலால் பூசினேன். கரி கூடிப் போய்விட்டது. இந்த முறை அவர்தான் என்னை ஏச வேண்டும். ஏசட்டும்.