உள்ளதான் கீறாரு

நாவலூர்
2.6.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

தமிழ்ச்செல்வி எழுதுவது. சுகர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

மாமல்லபுரத்தில் செட் போட்டு, நான் சொன்னபடியே அப்பா கதையை எடுக்கிறார்கள். நேற்று போயிருந்தேன். கட்சித் தலைவரைக் கைது செய்ததும் அப்பா ரயில் மறியலுக்குக் கிளம்புகிறார். நீ ஒரு வயசுப் பிள்ளையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, "போவாதய்யா, நாங்க முக்கியமா, உன் தலைவரு முக்கியமா?" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாய். அவர் உதறிவிட்டுப் போய் போலீஸ் அடியில் சாகிறார். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன் அம்மா. அப்பா போய் முப்பத்தாறு வருஷம்; நினைவு தெரிந்த நாளாக என் மனசில் இருப்பது அதுதான்.

சம்மதப் பத்திரத்தில் உன் கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டு அனுப்பு.

உன் மகள்,
தமிழ்ச்செல்வி


சிங்கப்பெருமாள் கோயில்
9.6.2025

என் தங்கம் செல்விக்கு,

வேண்டா என்று பேர் வைத்த உன் அம்மா எழுதிக்கொண்டது. நாலாவதோடு நின்றவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மாத்திரை போடுகிறேன். கால் வீக்கம்தான் வடியவில்லை.

பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை. நான் அவர் காலைப் பிடிக்கவே இல்லை செல்வி.

கட்சிப் பைத்தியம் எனக்குத்தான். தலைவர் வாயால் உனக்குப் பேர் வைக்கணும் என்று இருபது நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறியவள் நான். உங்கப்பா வேணாம் என்றார். என் பேச்சுக்காகத்தான் அவர் கட்சியிலேயே இருந்தார்.

அன்றைக்கு அவருக்கு ஜுரம். கிளைச் செயலாளர் ஆட்களோடு வாசலில் வந்து மறியலுக்குக் கூப்பிட்டார். போர்வைக்குள் இருந்து உங்கப்பா, "அடி வேண்டா, நான் வூட்ல இல்லன்னு சொல்லிடு" என்றார். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. தெரு ஆம்பளைகள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். "உள்ளதான் கீறாரு, கூப்ட்டுகினு போங்க" என்று சத்தமாகச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். "இன்னா மச்சான், பொம்பளைக்குக் கீற தில்லு உனக்கு இல்லியா?" என்றான் ஒருத்தன். உங்கப்பா எழுந்து முகம் கழுவினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உன்னைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போனார். சாயங்காலம் தலை பிளந்த உடம்பைக் கொண்டுவந்து போட்டார்கள்.

நீ கட்சியைச் சபிக்கும்போதெல்லாம் நான் சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் முடியாது. படக்காரர்களிடம் நடந்ததை எடுக்கச் சொல்.

ஒரு தடவை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போம்மா. திட்டவாவது வா.

அம்மா
வேண்டா


நாவலூர்
20.6.2025

அம்மா,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிட்டேன். வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

அம்மாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது, எதைச் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள் என்று படக்காரர்களிடம் சொல்லி, பத்திரத்தில் உன் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். ஒரு காட்சியையும் மாற்றச் சொல்லவில்லை.

மாத்திரை மாசாமாசம் வந்துவிடும். நான் வரமாட்டேன். அந்த செட்டில் அப்பா காலைக் கட்டிக்கொண்டு அழுதாளே, எனக்கு அவள் போதும்.

செல்வி