பெயர்ப்பலகை இல்லாத வண்டி

தை 9, வியாழன்.

இன்று வில்லியனூர் சாலையில் இருந்தவர்கள்: நான், மருமகள் செல்லம்மா, வண்டி ஓட்டிய கொழுந்தன் நாகப்பன், எங்களை மறித்த சிப்பாய்.

வண்டியில் உடையவர் பெயர்ப்பலகை இல்லாவிட்டால் தண்டம். பிரெஞ்சு சர்க்கார் சட்டம். எங்கள் பலகை செல்லிப்பட்டு ஆற்றில் இறங்கியபோது விழுந்திருக்கும்.

“வண்டி யாருது, ஆயா?”

“எங்க வூட்டுக்காரருது. காய்ச்சல்ல படுத்திருக்காரு.”

“பேரு இன்னா?”

புருஷன் பெயரை எப்படிச் சொல்வேன்? “பகல்ல வானத்துல வருவாரே, அவரு பேருதான்” என்றேன்.

“காக்காவா?” என்று சிப்பாய் சிரித்தான்.

செல்லம்மாவும் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். அவர் தம்பி சொல்லலாம். நாகப்பனைப் பார்த்தேன். அவன் மாட்டைப் பார்த்தான்.

“வண்டி என்னுதுதான் ஐயா” என்றான்.

சிப்பாய் அவன் பெயரைக் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டான். அந்தப் பெயரிலேயே பலகை அடித்து நாளை காட்ட வேண்டுமாம்.

வழியில், “ஏம்பா இப்படிச் சொன்னே?” என்று கேட்டேன்.

“நீ வாயத் தொறந்தியா, அண்ணி?” என்றான்.

இப்போதே வாசலில் ஆணி அடிக்கிறான். “இன்னா சத்தம்?” என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அவர் பெயரைத்தான் நான் சொல்லக்கூடாது. சாகும்வரை மன்னிக்காதவன் பெயரைச் சொல்லலாம். நாகப்பன்.