பேனாக் கோடு

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியம் என்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது. "எல்லாம் முடிஞ்சதும் ஒரு வரி போடுக்கா" என்று எழுதியிருக்கிறாய். எதுவும் முடியவில்லை. உன் பிள்ளைக்கு இன்றோடு முப்பத்தொரு நாள்.

பன்னிரண்டாம் நாள் அவனை என் தையல் மேசைமேல் கிடத்திவிட்டு வண்டி ஏறினாய். மறுநாள் டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்து, வலப்பக்கம் கல்லீரல் வீங்கி இறங்கி நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் மண்ணீரலுக்கு இன்னொன்று. "கோட்டைத் தாண்டுதான்னு தினம் பாருங்க. வயித்தை அமுக்கித் தூக்காதீங்க, மண்ணீரல் கிழிஞ்சா காப்பாத்த முடியாது" என்றார். கழுத்துக்கும் பிட்டத்துக்கும் கை கொடுத்துத்தான் தூக்குகிறேன். ஒரே மூச்சில் குடிக்க மாட்டான். கொஞ்சம் கொஞ்சமாக, கரண்டியில். மலம் வெளுக்கிறதா, தோலில் எங்காவது நீலம் கட்டுகிறதா என்று துணி மாற்றும்போதெல்லாம் பார்க்க வேண்டும். இடுப்பில் நாடா இல்லாத சட்டையாக எட்டு தைத்தேன். ஊரார் துணியெல்லாம் கிடப்பில் கிடக்கிறது.

உன் மாமியார் ஒருநாள் வந்தார். "பானை வயிறு, இறுக்கிக் கட்டினா வத்திடும்" என்று, நான் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்துத் துணியால் சுற்றிவிட்டார். பிள்ளை குடித்ததையெல்லாம் கக்கி, மூச்சுக்குத் தவித்தான். அவிழ்த்து எறிந்தேன். "தங்காததுக்கு ஏம்மா இப்படி அலட்டிக்கறே?" என்றார். கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விட்டேன். ஆனாலும் உன்னைவிட அவர் மேல். வந்தாவது பார்த்தார்.

காரணம் தெரிந்தால் மருந்து இருக்கலாமாம். அதற்குப் பெற்றவர்களின் ரத்தம் வேண்டும். அங்கேயே எடுத்து அனுப்பினால் போதும். போனில் சொன்னேன். "யாரால வந்துச்சுன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றார் உன் வீட்டுக்காரர். பக்கத்தில் நீ இருமியது கேட்டது. இருமுவதற்குத்தான் உனக்கு வாய் வந்தது.

நேற்று கல்லீரல் அந்தக் கோட்டை இரண்டு விரல் தாண்டிவிட்டது. இன்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். கட்டிலோரம் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பெற்றவள் எங்கே என்று நர்ஸ் கேட்டாள். செத்துப்போனாள் என்றேன். கோபித்துக்கொள்ளாதே. உயிரோடு இருக்கிறாள் என்றால் காறித் துப்புவார்கள்.

அடுத்து நீ பெறும் பிள்ளை நல்ல ஈரலோடு பிறக்கட்டும். இதை மனசாரச் சொல்கிறேன். அதனிடம் "உனக்கொரு அண்ணன் இருந்தான்" என்று சொல்லாதே. "இருக்கிறான்" என்று சொல்லும்படி, அந்த ரத்தத்தை மட்டும் அனுப்பு.

உன் அக்கா