சேற்றில் ஓட்டிப் பார்த்த பம்பு

மேனாம்பேடு
8-6-1991

அன்புள்ள பரந்தாமா,

தெளிந்த தண்ணீரை இறைக்கும் பம்பு உன் சுரங்கத்துக் கரிச்சேற்றை எத்தனை நேரம் இறைக்கும்? எனக்குத் தெரியவில்லை. நானும் அப்பாவும் சௌக்கியம். உன் சௌக்கியம் இந்தக் கேள்வியில் இருப்பதால் அதை முதலில் எழுதிவிட்டேன்.

நீ கேட்ட பம்பு எங்கள் பட்டறையில் தயாராகி, இன்று பூஜையும் போட்டாயிற்று. நாளை லாரி தன்பாத் கிளம்புகிறது. மழைக்கு முன் புதுப் பம்பு வராவிட்டால் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறிவிடும் என்று நீ எழுதியதை மறக்கவில்லை. ஆனால் கற்பூரம் காட்டும்போது சோதனைத் தொட்டியைப் பார்த்தேன். அடியில் கிடந்த நட்டு மேலிருந்தே தெரிந்தது, அவ்வளவு சுத்தமான கிணற்றுத் தண்ணீர். வயல் பம்புக்கு அது போதும். ஏரிச் சேற்றைக் கலக்கி ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். முதலாளி உலகநாதன் முகம் சுருங்கிவிட்டது. மாலை சார்த்திய மெஷினை மறுபடி தொட்டியில் இறக்கும் வழக்கம் இங்கே இல்லை. பிட்டர் வேம்புலி வேறு, "இன்னா மேடம், ஒங்க புள்ள தண்ணி எறைக்கப் பம்பு கேட்டாரா, கொயம்பு எறைக்கக் கேட்டாரா?" என்றான், எல்லாரும் சிரித்தார்கள். கற்பூரத்தோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் சேற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்றேன். கடைசியில் முதலாளி, "பெத்தவங்க கேக்கறீங்க, காலையில ஓட்டுங்க. கெட்டுப்போனா லாரி காத்திருக்காது" என்றார். அதுதான் பயம். கெட்டுப்போனால் உனக்குப் பம்பு இல்லை, ஓட்டாமல் அனுப்பினால் அங்கே உன் கண்ணெதிரே நின்றுபோகும். அப்பா சர்க்கரையில்லாத காபியைத் திட்டிக்கொண்டே, வேண்டாத வேலை, அனுப்பிவிடு என்கிறார்.

எதற்கும் நீர்க்குழியின் நடுவே குட்டையாக ஒரு தடுப்புச் சுவர் எழுப்பச் சொல். சேறு ஒரு பக்கம் தங்கட்டும், தெளிந்தது மட்டும் வழிந்து பம்புக்கு வரட்டும். ஈரக் காலோடு தூங்காதே. சாமி நம்பிக்கை குறைந்தவள்தான், ஆனாலும் தீங்கின்றி இரு என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். உடனே பதில் போடு.

உன் அம்மா,
பார்வதம்

மறுநாள்: உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். காலையில் ஓட்டினோம். கொஞ்ச நேரத்தில் உறிஞ்சு குழாயின் சல்லடையைச் சேறு அப்பிக்கொண்டது. தண்ணீரில்லாமல் பம்பு வெறுமனே சுற்றிப் புகைந்தது, வேம்புலி ஓடிப்போய் நிறுத்தினான். வேறு சல்லடை செய்து, சேற்றிலேயே ஓட்டிப் பார்த்துத்தான் இனி அனுப்புவார்கள். லாரி மற்ற சாமான்களோடு போய்விட்டது. மழை முந்திக்கொள்ளும். சுவரை இன்றே தொடங்கு. தண்ணீர் ஏறினால் பழைய பம்பைக் காப்பாற்ற நிற்காதே, ஆட்களை அழைத்துக்கொண்டு மேலே வந்துவிடு.