பாதி வேகத்தில் ஒரு முரசு

வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால்
ஸ்கேன் அறைக்கு வெளியே

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முதல் சொல்லிலேயே பொய் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் நலமாக இருங்கள். நான் எப்படி இருக்கிறேன் என்பது இன்னும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார், வந்ததும் முதல் ஆளாக என்னைத்தான் பார்ப்பார் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பையில் இருந்தது இசைக் குறிப்புத் தாள்தான். அதிலேயே எழுதுகிறேன். என்ன இது ஐந்தைந்து கோடு என்று பார்க்காதீர்கள்.

ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நடுக்கடலில் லைன் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் நான் வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அதோடு என் வாய் அடைத்துப்போகும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாதல்லவா? உங்கள் கம்பெனி ஆபீசில் கொடுத்தால் படம் பிடித்துக் கப்பலுக்கு அனுப்பிவிடுவார்கள். கேப்டன் படித்தால் படிக்கட்டும். எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்துவிட்டேன்.

நீங்கள் கிளம்பிய வாரம் ஒரு வீடியோ கேமுக்கு இசையமைக்க ஒப்புக்கொண்டேனே, அதில் வந்த வினை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு துறைமுகக் கோட்டை. கடல் வழியாகப் பகை வரும். ஆடுகிறவர் மதிலைக் காக்க வேண்டும். மதில் மேல் ஒரு முரசு ஒலித்துக்கொண்டே இருக்கும். பகை நெருங்க நெருங்க அதன் மேல் மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஏறும். கோட்டை விழுந்ததும் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் முரசும் நிற்கும். அந்தக் காலத்து முரசு எப்படி ஒலித்திருக்கும் என்று கேமை உருவாக்குகிற தாடிக்காரரிடம் கேட்டேன். "கேட்டவன் எவனும் இப்ப உயிரோட இல்லீங்க. தப்புன்னு யார் வந்து சொல்லப்போறாங்க?" என்று சிரித்தார். அவருக்கென்ன, சிரிப்பார். நான் முப்பது விதமான தோலைத் தட்டிப் பார்த்தேன். எதைத் தட்டினாலும் ஏதோ ஓர் ஊர்க் கல்யாணம்தான் காதில் விழுந்தது. எந்த ஊரும் இல்லாத, எந்தக் காலமும் இல்லாத ஒரு சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஏழாம் மாத ஸ்கேன் வந்தது. நம் குழந்தையின் இதயத் துடிப்பை அறை முழுக்கக் கேட்கும்படி வைத்தார்கள். என் ஒலிப்பதிவுக் கருவிதான் எப்போதும் பையில் இருக்குமே, பதிந்துகொண்டேன். உங்களுக்கு அனுப்பத்தான் பதிந்தேன், சத்தியமாக. நிமிடத்துக்கு நூற்று நாற்பது அடி, குதிரை ஓடுகிற மாதிரி. அதன் வேகத்தைப் பாதியாக்கிப் பார்த்தேன். எழுபது ஆனது. அடியும் கனத்துப்போய், மதிலே அதிர்கிற மாதிரி இருந்தது. தாடிக்காரர் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "எங்கேருந்துங்க பிடிச்சீங்க இதை?" என்றார். தொழில் ரகசியம் என்றேன். பெருமை, வேறென்ன. அந்தப் பெருமைக்கு இப்போது அனுபவிக்கிறேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம், பொழுது விடிந்தால் அடைந்தால் என் காதில் அந்த எழுபதுதான்.

பத்து நாளைக்கு முன் குழந்தையின் அசைவு குறைந்த மாதிரி இருந்தது. அசைவு குறைந்தால் ஓடி வந்துவிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் போகவில்லை. வீட்டிலேயே துடிப்பைக் கேட்கிற சின்னக் கருவி ஒன்று கடையில் வாங்கி வைத்திருந்தேன். அதை வயிற்றில் வைத்தேன். தொம், தொம், தொம். அச்சு அசலாக என் முரசு. ஓர் அடி பிசகவில்லை. அப்பாடா, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். இப்படிப் பத்து நாள். காலையில் வைப்பேன், எழுபது கேட்கும், நிம்மதியாகப் போய்விடுவேன்.

இன்று காலை தாடிக்காரர் முரசின் அசல் பதிவை அனுப்பச் சொன்னார். திறந்தேன். தடதடவென்று ஓடியது. இதென்ன இவ்வளவு வேகம், வேறு எதையோ திறந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. இதுதானே குழந்தை? எழுபதாக்கியது நானல்லவா? அப்படியானால் பத்து நாளாக நான் கேட்டது எதை? மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். எழுபது. என் நாடியையே நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டில்கூடத் தாளம் தப்பாதவள் என்று கேலி செய்வீர்களே, அந்தத் தாளக்காரிக்குத் தன் துடிப்பு எது, பிள்ளையின் துடிப்பு எது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் மனதைப் போட்டு அரிக்கிறது. கேமைச் சோதிக்கிறவர்கள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தக் கோட்டையை விழவிடுகிறார்கள். நாற்பது தடவை முரசு நிற்கிறது. எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தவள் நான். மூடநம்பிக்கை என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

போன தடவை பிள்ளை தங்காமல் போனபோதும் இதே அறைதான். டாக்டர் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, இன்னொரு கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தார். எதுவுமே கேட்காத மெஷினில் எதற்குச் சத்தத்தைக் குறைக்க வேண்டும்? அந்தக் கையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அத்தை பக்கத்தில்தான் இருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் அம்மா பேசாமல் இருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

கூப்பிடுகிறார்கள்.

உங்கள் தாளக்காரி


சனிக்கிழமை, மத்தியானம்
அதே ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்

அன்புள்ள கப்பல்காரருக்கு,

துடிப்பு இருக்கிறது. இந்த வரியை முதலில் படித்துவிட்டுப் பிறகு மற்றதைப் படியுங்கள். வியாழக்கிழமைக் கடிதத்தை அன்றே அனுப்பவில்லை. அதை மட்டும் அனுப்பியிருந்தால் கப்பலிலிருந்து குதித்து நீந்தியே வந்திருப்பீர்கள். இரண்டையும் சேர்த்து அத்தை இன்று கம்பெனி ஆபீசில் கொடுப்பார்.

அன்று உள்ளே படுத்ததும் டாக்டரிடம், "என்ன வந்தாலும் சத்தத்தை மட்டும் குறைக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி என்றார். முதலில் எழுபதுதான் கேட்டது. என் நாடி. அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேனே, அந்த அரை நிமிடத்தை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. டாக்டர் கருவியை விலாவுக்குப் பக்கம் தள்ளினார். அங்கே இருந்தது, குதிரை. அத்தை ஓவென்று அழுதுவிட்டார். நான் அழவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று முப்பத்தெட்டு. அப்புறம் திடீரென்று தடுமாறி, தொண்ணூறு. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு மெல்ல ஏறி, பழைய வேகத்துக்கு வந்தது.

குழந்தைக்குப் போகிற ரத்தம் போதவில்லையாம். வளர்ச்சி குறைவு, எடை குறைவு. அவ்வப்போது துடிப்பு இப்படி இறங்கும். "இறங்கி ஏறுற வரைக்கும் காத்திருக்கலாம். ஏறாம போச்சுன்னா அந்த நிமிஷமே எடுத்துடுவேன்" என்றார் டாக்டர். பத்து நாளைக்கு முன்பே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். "வந்தீங்கல்ல, அதைப் பாருங்க" என்று முடித்துவிட்டார். நல்ல மனுஷி. ஆனால் அந்தப் பத்து நாள் என் கணக்கில்தான் இருக்கிறது. அதை உங்களிடம் மறைக்கக் கூடாது என்றுதான் முதல் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன்.

வயிற்றில் பட்டை கட்டி மெஷினில் மாட்டியிருக்கிறார்கள். எல்லோரும் திரையில் எண்ணைப் பார்க்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். நேற்று நான்கு தடவை இறங்கியது, இன்று இதுவரை இரண்டு. இறங்கும்போதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். மூச்சைப் பிடிக்கக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று நர்ஸ் திட்டுகிறார்.

நேற்று தாடிக்காரர் பார்க்க வந்தார். வேலையை எப்படி முடிப்பது என்று கேட்கத் தயங்கித் தயங்கி நின்றார். பாவமாக இருந்தது, முரசு யாருடையது என்று சொல்லிவிட்டேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துப்போனது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அம்மா என்ன செய்தார் தெரியுமா? தாடிக்காரரின் மடிக்கணினியை வாங்கி, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று கேட்டு, கோட்டையைக் காக்க உட்கார்ந்துவிட்டார்! டிவி ரிமோட்டையே தலைகீழாகப் பிடிப்பவர். "வாடா, வா, இந்தப் பக்கம் வந்து பாரு" என்று பகைவரை அவர் திட்டிய திட்டில் பக்கத்துக் கட்டில்காரியின் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். மூன்று தடவை ஆடினார். மூன்று தடவையும் கோட்டை விழுந்தது, முரசு நின்றது. நான்காவது தடவைக்குப் பொத்தானில் விரலை வைத்தார்.

தாடிக்காரர் மெதுவாகச் சொன்னார், இதை யாராலும் ஜெயிக்க முடியாதும்மா, அந்தக் கோட்டை விழுந்ததுதான் கதை, அப்படித்தான் செய்திருக்கிறோம் என்று. உங்கள் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "கோட்டை விழுந்தா விழட்டும்யா. உள்ளே இருந்த ஜனம் என்ன ஆச்சு? அங்கேயே நின்னுக்கிட்டா இருந்தாங்க? பிள்ளைகுட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்திருக்க மாட்டாங்களா? அந்த முரசைத் தூக்கிக்கிட்டுப் போக ஒருத்தன்கூடவா இல்ல?" என்று கத்தினார். நர்ஸ் ஓடி வந்தார்.

தாடிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டே, கதையின் முடிவை மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று காலை படுத்தபடியே அந்த முடிவை மாற்றிக் கொடுத்துவிட்டேன். கோட்டை விழும், எல்லாம் அடங்கும், முரசு நிற்காது. தூரத்தில், மலைப் பக்கமாக, சின்னதாகப் போய்க்கொண்டே இருக்கும். பாதி வேகத்தில் இல்லை. அதன் சொந்த வேகத்தில்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன். அதுவரை தாங்கினால் நல்லது என்கிறார்கள். நீங்கள் அதற்குள் வர முடியாது என்று எனக்குத் தெரியும், அதற்காக மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். கப்பல் எவ்வளவு ஆடினாலும் தூங்குவேன், இஞ்சின் நின்றால் மட்டும் விழித்துவிடுவேன் என்று சொல்வீர்களே. என் நிலைமை உங்களுக்குத்தான் புரியும்.

போன தடவை நானும் அத்தையும் சேர்ந்து உங்களிடம் நாற்பது நாள் மறைத்தோம். நீங்கள் கரை இறங்கி, பெட்டியைத் திறந்து, அந்தக் குட்டிக் காலுறைகளை எடுத்த பிறகுதான் சொன்னோம். அந்தப் பாவத்தை இன்னொரு தடவை என்னால் செய்ய முடியாது. பிள்ளை அழுத சத்தம் கேட்டாலும் போன் செய்ய வேண்டும், கேட்காவிட்டாலும் போன் செய்ய வேண்டும் என்று அத்தையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

காலுறைகள் பீரோவில் இடது பக்கத் தட்டில் இருக்கின்றன. அத்தையிடம் எடுத்து வரச் சொல்லட்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

கடலும் இஞ்சினும் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் எப்படியாவது ஒரு தடவை லைன் பிடித்துக் கூப்பிடுங்கள். ஆனால் கெஞ்சிக் கேட்கிறேன், "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கும் பயமாயிருக்குடி என்று சொல்லுங்கள். அது போதும். தனியாகப் பயந்து பயந்து எனக்கு அலுத்துவிட்டது.

உங்கள் வழி பார்த்து,
தாளக்காரி