அப்பா ஜெபித்துக் கொடுத்த தண்ணீர்

பாறசாலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜோஸ்னாவுக்கு அம்மா எழுதுவது.

ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே ஓயாத மழை. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

இயற்பியல் பேராசிரியரான அப்பா இப்படிப் பிரசங்கம் செய்வது வெட்கக்கேடு என்று சொல்லிவிட்டு, அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாய். அந்தக் கோபம் என்மேல் வந்திருக்க வேண்டியது, மக்கா. உன் தம்பி எபினை அடக்கம் செய்த பிறகு, "இத்தனை பேருக்குப் படிப்பிச்சியளே, என் பிள்ளை எங்க உண்டுன்னு எனக்குச் சொல்லித் தாருங்க" என்று அவரை அரித்தவள் நான்தான். மாதக்கணக்கில் அறைக்குள் உட்கார்ந்து எழுதினார். ஆன்மா ஓர் அலை, அது அழியாது, கணக்கு காட்டுகிறது என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அன்றுதான் தூங்கினேன்.

பிறகு அப்பாவைச் சபையில் பேசக் கூப்பிட்டார்கள். வேதமாணிக்கம் சாரே சொல்கிறார் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? ஜெபித்தால் தண்ணீரின் அலை மாறும், நோய் தீரும் என்று பேச்சு வளர்ந்தது. அவர் ஜெபித்த தண்ணீரைக் குப்பிகளில் நிரப்பிக் கொடுத்தது நான்.

பொழியூரில் கடலுக்குப் போகிற கில்பர்ட், வலிப்புள்ள தன் மகள் லிஷாவுக்கு வாங்கிப் போனான். மாத்திரையை நிறுத்திவிட்டான். நிறுத்து என்று அப்பா சொல்லவில்லை. நிறுத்தாதே என்று நாங்கள் இருவருமே சொல்லவில்லை. போன வாரம் வலிப்பு வந்து விழுந்து, தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

நேற்று கில்பர்ட் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "எங்களுக்கு விசுவாசம் போதாததாக்கும் அம்மா. இன்னும் கொஞ்சம் தண்ணி தாருங்க" என்று வெறும் குப்பியை நீட்டினான். என்னால் தாங்க முடியவில்லை. "அது எங்க கிணத்துத் தண்ணியாக்கும் மக்கா. அதில ஒண்ணும் இல்ல. பிள்ளைக்கு மாத்திரை குடு" என்றேன்.

திரும்பினால் அப்பா நிற்கிறார். கில்பர்ட் போன பிறகு கேட்டார்: "அப்போ எபினும் இல்லியா, நேசம்?"



இன்று இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தான் சொன்னது தப்பு என்று கில்பர்ட்டிடம் அப்பாவே சொன்னார். திரும்பி வந்து அறைக்குள் உட்கார்ந்தவர் இதுவரை எதுவும் சாப்பிடவில்லை.

கிறிஸ்துமசுக்கு வா. வாதாட வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். உன் ஆராய்ச்சியிலிருந்து ஏதாவது ஒரு கணக்கைக் கொண்டு வா. அப்பாவால் விடை சொல்ல முடிகிறதாகப் பார்த்து எடுத்து வா, மக்கா.

கர்த்தர் உன் வழியெல்லாம் கூட வரட்டும்.

உன் அம்மா,
நேசம்